கை சுடாவிட்டால் குற்றமில்லையா?

வெண்ணெய் உருக்கும்போது ஒரு துளி தெறித்துப் புறங்கையில் விழுந்தால் என்ன பாடு படுகிறோம்! குழாயைத் திறந்து தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறோம். அப்படியும் சாயங்காலம் வரை எரிகிறது. அதே நெய்யை ஒரு பாத்திரம் நிறையக் கொதிக்க வைத்து, ‘இதற்குள் கையை விட்டு எடு. நீ தப்பு செய்தாயா, இல்லையா என்று பார்த்துவிடலாம்’ என்று ஒருவரிடம் சொன்னால்..?

சொன்னார்கள். அதுவும் ஒரு கோயிலில். கன்னியாகுமரி மாவட்டம், சுசீந்திரம் தாணுமாலயன் திருக்கோயிலில் ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தச் சோதனை நடந்திருக்கிறது.

குமரிமுனைக்குப் போன உங்களில் பலர், நாகர்கோவில் சாலையில் இறங்கி இந்தத் தலத்தையும் தரிசித்திருப்பீர்கள். பழையாற்றங்கரை, வெள்ளை நிறத்தில் ஏழு நிலை ராஜகோபுரம், தட்டினால் சுரம் பாடும் தூண்கள், அண்ணாந்து பார்க்க வைக்கும் விஸ்வரூப ஆஞ்சநேயர்... ஸ்தாணு என்றால் சிவன், மால் என்றால் விஷ்ணு, அயன் என்றால் பிரம்மா. மூவரும் ஒரே மூர்த்தியாக அருள்பாலிப்பதால் தாணுமாலயன். இவ்வளவும் தல வரலாற்றுப் பலகையிலேயே இருக்கும். நாம் இங்கே பார்க்கப் போவது இந்த ஊரின் பெயருக்குள் இருக்கும் ஒரு கேள்வியை.

சுசி என்றால் சுத்தம். இந்திரன் சுத்தமான இடம் சுசீந்திரம். அகலிகையிடம் முறை தவறி நடந்து, கௌதம முனிவரின் சாபத்துக்கு ஆளான இந்திரன், இங்கே வந்து தவமிருந்து, கொதிக்கும் நெய்யில் மூழ்கித் தன்னைச் சுத்தப்படுத்திக்கொண்டான் என்பது ஐதீகம். கவனியுங்கள்... புராணத்தில் இந்திரன் தப்பு செய்தவன். செய்தது அவனுக்குத் தெரியும். அதற்காக வருந்தி, தானே நெய்யில் இறங்குகிறான். அவனுக்கு நெய் பிராயச்சித்தம்.

பின்னாளில் மனிதர்கள் அந்தக் கதையைத் தலைகீழாக்கிக்கொண்டார்கள். தப்பு செய்தானா என்று தெரியாத ஒருவனைப் பிடித்து, கண்டுபிடிப்பதற்காக நெய்யில் கைவிடச் சொன்னார்கள். பிராயச்சித்தம் துப்பறியும் கருவியாகிவிட்டது!

கைமுக்கு என்று அதற்குப் பெயர். முக்கி எடுப்பது என்று நாமும் சொல்கிறோமே, அதே சொல்தான். சுசீந்திரம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது (1956 நவம்பர் 1-ல்தான் குமரி மாவட்டம் நம்மோடு இணைந்தது). ஒழுக்கம் தவறியதாகச் சந்தேகத்துக்கு ஆளான நம்பூதிரி ஆண்கள், மலையாளத் தேசத்திலிருந்து இங்கே அனுப்பப்படுவார்கள். கொதிக்கும் நெய்யில் கையை விட்டு உள்ளே கிடக்கும் சிறு உருவத்தை எடுக்க வேண்டும். பிறகு கையைக் கட்டி வைப்பார்கள். குறித்த நாளில் கட்டை அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண் இல்லையென்றால் நிரபராதி. இருந்தால், சாதி விலக்கு. நாஞ்சில் நாட்டுக்காரரான வரலாற்றறிஞர் கே.கே.பிள்ளை, 1953-ல் வெளிவந்த தம்முடைய சுசீந்திரம் கோயில் ஆராய்ச்சி நூலில் இந்த வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் இது நிறுத்தப்பட்டது. கீர்த்தனைகளுக்காக நாம் கொண்டாடும் அதே சுவாதித் திருநாள்தான்! என்னைக் கேட்டால், அவருடைய கீர்த்தனைகளுக்குச் சமமாக இந்த ஒரு உத்தரவையும் கொண்டாடலாம்.

‘அந்தக் காலத்து மூடத்தனம்’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் தராசு, அக்கினி, நீர், விஷம் என்று இப்படிப்பட்ட தெய்வச் சோதனைகள் நம் தர்ம சாஸ்திரங்களில் ‘திவ்யம்’ என்ற பெயரில் இருக்கின்றன. ஐரோப்பாவிலும் பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடிக்கச் சொன்னார்கள். 1215-ல் ரோமில் கூடிய கிறிஸ்தவ மகாசபை, பாதிரியார்கள் இதில் கலந்துகொள்ளக் கூடாது என்று தடை போட்ட பிறகுதான் அங்கே மெல்ல மெல்லக் குறைந்தது. உலகம் முழுக்க மனிதர்களுக்கு ஒரே தவிப்பு: அடுத்தவன் மனதுக்குள் இருப்பது எப்படியாவது வெளியே தெரிய வேண்டும்!

உங்களில் பலருக்கு இந்நேரம் சீதாதேவியின் அக்கினிப் பிரவேசம் நினைவுக்கு வந்திருக்கும். நெருப்பு சீதைக்கு எதையும் புதிதாகச் சொல்லவில்லை. தான் யார் என்பது அவளுக்கு அசோகவனத்திலேயே தெரியும். தெரியாதவர்களுக்காகத்தான் அந்த நெருப்பு. சுசீந்திரத்து நெய்யும் அப்படித்தான். கையை நீட்டியவனுக்கு உண்மை முன்பே தெரிந்திருந்தது. சூடு கொஞ்சம் குறைந்திருந்தால் தப்பு செய்தவன் தப்பித்திருப்பான். தோல் மென்மையாக இருந்தால் ஒரு பாவமும் அறியாதவன் பிரஷ்டனாகியிருப்பான். நெய்க்கு என்ன தெரியும்? கொதிக்கத்தான் தெரியும்.

அப்படியானால் சாட்சி எங்கே இருக்கிறது?

கோனிக்ஸ்பெர்க் பெரியவர்

சுசீந்திரத்தில் கைமுக்கு நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், பல ஆயிரம் மைல் தாண்டி, குளிர் மிகுந்த ஒரு துறைமுகப் பட்டணத்தில் ஒருவர் இதே கேள்வியோடு வாழ்நாளைக் கழித்தார். இம்மானுவல் காண்ட். 1724-ல் பிறந்து 1804-ல் மறைந்த ஜெர்மன் தத்துவஞானி. பிரஷ்யா நாட்டில் அன்று கோனிக்ஸ்பெர்க் என்று இருந்த அவர் ஊர், இன்று ரஷ்யாவில் கலினின்கிராட். அப்பா குதிரைச் சேணத்துக்குத் தோல்வார் செய்யும் தொழிலாளி. பக்தி மிகுந்த அம்மா, கையைப் பிடித்து அழைத்துப் போய் வானத்தையும் செடிகொடிகளையும் காட்டி ஆண்டவனைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவர். காண்டுக்குப் பதின்மூன்று வயதாகும்போது அந்தத் தாய் இறந்துபோனார். கல்யாணம் செய்துகொள்ளாமல், சொந்த ஊர்ப்பக்கத்தைத் தாண்டாமல் வாழ்ந்த மனிதர். அவர் மாலை நடைக்குக் கிளம்புவதைப் பார்த்து ஊரார் கடிகாரத்தைச் சரிசெய்து கொள்வார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

‘கோயில் பத்திரிகையில் தத்துவப் பாடமா?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அவர் சொன்னது நம் சமையலறைக்கும் கடைத்தெருவுக்கும் பொருந்துகிற விஷயம்.

நாகர்கோவில் வடசேரி சந்தையில் ஒரு கடைக்காரர். மட்டிப்பழம் வாங்க ஒரு சின்னப் பையன் தனியாக வருகிறான். விலை தெரியாத பிள்ளை. ஏமாற்றலாம். ஆனால் அவர் சரியான விலைக்குத்தான் கொடுக்கிறார். நல்லவர்தானே? காண்ட் கேட்கிறார்: எதற்காக அப்படிக் கொடுத்தார்? ‘வீட்டில் தெரிந்தால் அடுத்த முறை வரமாட்டார்கள்’ என்பதற்காகவா? அப்படியென்றால் அது வியாபார சாமர்த்தியம். குற்றமில்லை, ஆனால் அதற்கு மதிப்பும் இல்லை. ‘ஏமாற்றுவது தப்பு’ என்ற ஒரே காரணத்துக்காகக் கொடுத்திருந்தால், அங்கேதான் தர்மம் இருக்கிறது. 1785-ல் எழுதிய புத்தகத்தில் அவரே சொல்லும் உதாரணம்தான் இது. பழமும் சந்தையும் மட்டும் நான் சேர்த்தது.

தப்பு எது, சரி எது என்று எப்படித் தெரியும்? அதற்கு அவர் படிப்பாளிகளைத் தேடிப்போகச் சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது தெரியும் என்றார். ‘அடுத்த வாரம் தந்துவிடுகிறேன்’ என்று எதிர்வீட்டு அக்காவிடம் கைமாற்று வாங்குகிறீர்கள். திருப்பித் தரும் எண்ணமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். உலகத்தில் எல்லோரும் இப்படியே வாங்கினால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ‘தந்துவிடுகிறேன்’ என்ற வார்த்தைக்கே அர்த்தம் போய்விடும். யாரும் யாருக்கும் ஒரு ரூபாய் தரமாட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் வார்த்தை காப்பாற்ற வேண்டும், எனக்கு மட்டும் விதிவிலக்கு வேண்டும். ஒவ்வொரு தப்புக்கும் அடியில் ஒளிந்திருப்பது இந்த ‘எனக்கு மட்டும்’தான். தர்ம தரிசன வரிசையில் கைக்குழந்தையோடு நிற்கிறவரைத் தாண்டி, தெரிந்த ஊழியரைப் பிடித்து உள்ளே நுழைகிறோமே, அங்கேயும் அதே ‘எனக்கு மட்டும்’!

சரி, சாட்சிக்கு வருவோம். மனசாட்சி என்பது நமக்குள்ளே நடக்கும் ஒரு நீதிமன்றம் என்றார் காண்ட். அங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்பதும் நான், நாற்காலியில் இருந்து தீர்ப்புச் சொல்வதும் நான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவரே அடுத்த கேள்வியையும் கேட்கிறார். குற்றவாளியே நீதிபதியாகவும் இருந்தால் தீர்ப்பு எப்படி இருக்கும்? ஒவ்வொரு முறையும் விடுதலைதான்! நம்மை நாமே எவ்வளவு துருவிப் பார்த்தாலும், நல்ல காரியத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் சுயநலத்தை முழுதாகப் பார்த்துவிட முடியாது என்றும் சொல்கிறார். அன்னதானத்துக்குப் பணம் கட்டிவிட்டு, பலகையில் பெயர் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கிறோம். அப்போது கொடுத்தது பசிக்கா, பலகைக்கா? நமக்கே தெரியாது.

அதனால் அந்த உள் நீதிமன்றத்தில், நீதிபதி இடத்தில் நம்மைவிட வேறான ஒருவரை நினைத்துத்தான் ஆகவேண்டும் என்றார். நெஞ்சுக்குள் இருப்பதை எல்லாம் அறிந்தவர். யாரிடமும் வளையாதவர். அப்படிப்பட்டவரைத்தான் கடவுள் என்கிறோம் என்றார். ‘ஆகவே கடவுள் இருப்பது நிரூபணமாகிவிட்டது’ என்று அவர் சொல்லவில்லை என்பதையும் உள்ளபடி சொல்லிவிட வேண்டும். தேவாலய வழிபாடுகளில் இருந்து விலகியே வாழ்ந்தவர் அவர். நல்லபடி நடக்காமல் பூஜையால் மட்டும் ஆண்டவனைத் திருப்திப்படுத்திவிடலாம் என்பது மயக்கம் என்று 1793-ல் எழுதி, அடுத்த வருடமே ராஜாவின் கண்டனத்துக்கு ஆளானவர். அப்படிப்பட்டவருக்கும் உள்ளே ஓர் இடத்தில், நம்மை அறிந்த இன்னொருவர் தேவைப்பட்டார். சந்நிதியில் கண்ணை மூடி நிற்கும்போது, ‘இவருக்குத் தெரியும்’ என்று நமக்குச் சுருக்கென்று ஒன்று உறைக்கிறதே, அதைத்தான் அவர் தம் பாஷையில் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அனுசூயை கேட்ட கேள்வி

சுசீந்திரம் தல புராணத்தில் இந்திரனுக்கும் முன்னால் வருபவள் ஒரு பெண். ஞானாரண்யம் என்ற இந்த வனத்தில் அத்திரி முனிவரோடு வாழ்ந்த அனுசூயாதேவி. மும்மூர்த்திகளும் பிராமணர்களாக வந்து, ஆடையின்றி அன்னம் பரிமாறச் சொல்கிறார்கள். விருந்தினரைத் திருப்பி அனுப்புவது அதர்மம். அவர்கள் கேட்டபடி செய்வதோ அதைவிட அதர்மம். கணவரின் பாதம் கழுவிய நீரைத் தெளித்து மூவரையும் பச்சைக் குழந்தைகள் ஆக்கி, பிறகு அமுதூட்டினாள் என்று நாம் அறிவோம்.

இந்தக் கதையில் நான் வியப்பது அந்த அற்புதத்தை அல்ல. வந்தவர்கள் எவ்வளவு பெரியவர்களாக இருந்தாலும், கேட்டது சரியில்லை என்று அவளுக்கு உடனே தெரிந்ததே, அதைத்தான். கேட்டது யார் என்பதை வைத்து அவள் தர்மத்தைத் தீர்மானிக்கவில்லை. காண்ட் 1798-ல் எழுதிய ஒரு நூலில் பைபிள் கதை ஒன்றைப் பற்றி இதே போல எழுதினார். பெற்ற மகனைப் பலி கொடு என்று ஆபிரகாமுக்கு ஆண்டவன் குரல் கேட்கிறது. அவர் கத்தியோடு கிளம்புகிறார். ‘கிளம்பியிருக்கக் கூடாது’ என்கிறார் காண்ட். ‘மகனைக் கொல்லக் கூடாது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும், பேசுவது ஆண்டவன்தானா என்பதுதான் நிச்சயமாகத் தெரியாது’ என்று பதில் சொல்லியிருக்க வேண்டுமாம்!

நமக்கு உடனே சிறுத்தொண்ட நாயனார் நினைவுக்கு வருகிறார். பிள்ளைக்கறி கேட்டு வந்த பைரவ அடியாரும், கூப்பிட்டதும் ஓடிவந்த சீராளனும்... அந்த இடத்தை வாசிக்கும்போது கண் கலங்காதவர் யார்? கதையை வணங்குகிறோம். ஆனால், நாளைக்கு ஒரு சாமியார் வாசலில் நின்று அப்படிக் கேட்டால் நாம் என்ன செய்வோம்? போலீஸுக்குப் போன் செய்வோம். செய்யவும் வேண்டும். நரபலிச் செய்தி வரும்போதெல்லாம் பதறுகிறோமே, அந்தப் பதற்றத்தில் அனுசூயையின் அறிவு இருக்கிறது. நாயனாரின் பக்தியை அவருக்கே விட்டுவிட்டு, நமக்கு அனுசூயையைப் பின்பற்றுவதுதான் பத்திரமான வழி என்பது என் எண்ணம்.

சாதனம் என்று ஒரு பெயர்

கைமுக்கில் கை வைத்தது ஆண்கள். அதே குற்றச்சாட்டில் மறுபக்கம் இருந்த பெண்களை என்ன செய்தார்கள் என்றும் பார்க்க வேண்டும் அல்லவா?

ஸ்மார்த்த விசாரம் என்றொரு விசாரணை முறை நம்பூதிரி சமூகத்தில் இருந்தது. சந்தேகத்துக்கு ஆளான அந்தர்ஜனத்தை வீட்டிலிருந்து பிரித்து, தனியிடத்தில் அடைத்து, தடுப்புக்கு வெளியே நின்று கேள்வி கேட்பார்கள். நாள்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நடக்கும். 1905-ல் கொச்சி ராஜ்ஜியத்தில் நடந்த குறியேடத்துத் தாத்திரியின் விசாரணை புகழ்பெற்றது. அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்களின் பெயர்களை அவள் வரிசையாகச் சொல்ல, அத்தனை பேரும் சாதி விலக்கு ஆனார்கள்.

விசாரணை தொடங்கிய நிமிடத்திலிருந்து அந்தப் பெண்ணை எப்படிக் குறிப்பிடுவார்கள் தெரியுமா? பெயர் கிடையாது. ‘அவள்’கூடக் கிடையாது. ‘சாதனம்’ என்பார்கள். மலையாளத்தில் சாதனம் என்றால் பொருள், சாமான். தமிழிலோ கருவி. இரண்டு அர்த்தமும் ஒன்றாக வந்து குத்துகின்றன.

காண்டின் தர்ம சாஸ்திரத்துக்கு நடுநாயகமான வாசகத்தை ஒரே வரியில் சொல்வதானால் இதுதான்: எந்த மனிதரையும் வெறும் சாதனமாக நடத்தாதே, உன்னையும் அப்படி நடத்திக்கொள்ளாதே. பொருளுக்கு விலை உண்டு, ஒன்று போனால் இன்னொன்று வாங்கலாம். மனிதருக்கு விலை கிடையாது, மாண்புதான் உண்டு. ‘வெறும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் நாம் வேலை வாங்குகிறோம். அதில் தவறில்லை. அவருக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தால், ‘ஐயோ, பாத்திரம் கிடக்கிறதே’ என்பது மட்டுமே நமக்குத் தோன்றுமானால், அங்கே அவர் சாதனம் ஆகிவிட்டார். காலை நாலரை மணிக்கு எழுந்து, டிபன் பாக்ஸ்களை அடுக்கி, எல்லோரும் கிளம்பிய பிறகு ஆறிப்போன காப்பியைக் குடிக்கும் உங்களை, வீட்டில் யாராவது ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்காமல் இருந்தால்... அதுவும் இதே கணக்குதான். உன்னையும் அப்படி நடத்தாதே என்று அவர் சேர்த்துச் சொன்னது சும்மா அல்ல.

ஆனால் இதைச் சொன்ன பெரியவரே சறுக்கிய ஒரு கதை உண்டு. ஆஸ்திரியாவின் கிளாகன்பர்ட் ஊரைச் சேர்ந்த மரியா வான் ஹெர்பெர்ட் என்ற இளம்பெண், 1791-ல் காண்டுக்குக் கடிதம் எழுதினாள். தான் நேசித்த மனிதரிடம் பழைய காதல் ஒன்றை மறைத்திருந்தாள். பின்பு மனம் தாளாமல் சொல்லிவிட்டாள். சொன்னதும் அவருடைய அன்பு ஆறிப்போயிற்று. வாழவே பிடிக்கவில்லை என்று கதறிய கடிதம் அது. காண்ட் பொறுமையாகப் பதில் எழுதினார். எல்லாவற்றையும் வெளியே சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்று பிரித்துக் காட்டினார். ‘நீ வருந்துவது பொய்க்காகவா, பொய்யால் இழந்ததற்காகவா?’ என்றும் யோசிக்கச் சொன்னார். கூர்மையான கேள்விதான். கை சுட்டதற்காக அழுகிறாயா, தப்புக்காக அழுகிறாயா என்பது போல.

1793-ல் அவள் மறுபடி எழுதினாள். இப்போது அழுகைகூட இல்லை, எதிலும் ருசி இல்லை, எல்லாம் வெறுமையாக இருக்கிறது என்று. இதற்குக் காண்ட் பதில் போடவில்லை. அதோடு, அவள் கடிதங்களை எடுத்துத் தம் நண்பரின் மகளுக்கு அனுப்பிவைத்தார். மனத்தை அலையவிட்டால் ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் ஆகும் என்ற பாடத்துக்காக! பத்து வருடம் கழித்து, 1803-ல், மரியா தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள்.

ஒரு பெண்ணின் துயரத்தை இன்னொரு பெண்ணுக்குப் பாடமாக அனுப்பியபோது, மரியா அவர் கையில் என்னவாக இருந்தாள்? சாதனமாகத்தான். அவர் வகுத்த விதியை வைத்தே அவரை விசாரிக்க முடிகிறது. அவர் தவறியதால் விதி பொய்யாகிவிடவில்லை. ஆனால் விதி தெரிந்தவர் அதன்படி நடப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பது தெரிகிறது. இன்று உங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் ‘எதிலும் பிடிப்பில்லை’ என்று சொன்னால், தயவுசெய்து உபதேசம் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

வள்ளுவர் எந்தப் பக்கம்?

பொய்யைப் பற்றிப் பேசினால், குமரிக்கடலில் 133 அடி உயரத்தில் நிற்பவரை விட்டுவிட்டுப் போக முடியாது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ல் திறக்கப்பட்ட அந்தச் சிலையும், சுசீந்திரமும் ஒரே நாளில் பார்த்துவிடக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன.

காண்ட் 1797-ல் எழுதிய ஒரு கட்டுரை இன்றைக்கும் சண்டை மூட்டுகிறது. உயிருக்குப் பயந்து ஓடிவந்த நண்பனை வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். கொலைகாரன் கதவைத் தட்டி, ‘உள்ளே இருக்கிறானா?’ என்கிறான். அவனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாதாம்! பேசாமல் இருக்கலாம், பொய் மட்டும் கூடாது. ஒருவருக்கு ஒரு பொய் நல்லது என்று ஆரம்பித்தால், பேச்சின் மேல் மனிதர்கள் வைத்திருக்கும் நம்பிக்கையே ஆட்டம் காணும் என்பது அவர் வாதம்.

கல்லூரியில் வாய்மை அதிகாரம் படித்த எனக்கு இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. யாருக்கும் தீமை இல்லாத சொல்லே வாய்மை என்று அந்த அதிகாரத்தைத் தொடங்கும் வள்ளுவர், குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத் தக்கது என்று அடுத்த குறளிலேயே இடம் கொடுத்துவிடுகிறார். வாசலில் கத்தியோடு நிற்பவனிடம் ‘இல்லை’ என்று சொல்லும் இல்லத்தரசியை வள்ளுவர் கண்டிக்கமாட்டார். நானும் அவர் பக்கம்தான்.

ஆனால் ஒரு சங்கடம். நம் வீட்டுக் கதவை எத்தனை கொலைகாரர்கள் தட்டுகிறார்கள்? சீட்டுப் பணம் கேட்டு வருபவரிடம் ‘அம்மா வெளியே போயிருக்காங்கன்னு சொல்லு’ என்று ஏழு வயதுப் பிள்ளையை அனுப்பும்போது, அந்தக் குறள் நமக்கு ரொம்ப வசதியாகிவிடுகிறது. குற்றமில்லாத நன்மை யாருக்கு? நமக்கு! பிள்ளை அந்தப் பொய்யை வாசலில் போய்ச் சொல்லிவிட்டுத் திரும்புகிறது. இங்கே அது நமக்கு ஒரு சாதனம். இந்த இடத்தில் கோனிக்ஸ்பெர்க் பெரியவரின் கண்டிப்பு தேவைப்படுகிறது.

வள்ளுவருக்கும் இது தெரியும். அதனால்தான் இடம் கொடுத்த கையோடு அடுத்த குறளில், மனதறிந்து பொய் சொன்னால் பிறகு தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்று எச்சரிக்கிறார். சுடும் என்ற சொல்லைப் பாருங்கள். சுசீந்திரத்தில் பாத்திரம் பாத்திரமாக நெய்யைக் கொதிக்க வைத்து எதைத் தேடினார்களோ, அது உள்ளே இருக்கிறது என்று அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்.

உள்ளே கண்டது

இதே கோயிலில் இன்னொரு வழக்கம் உண்டு. கைமுக்கு நின்றுபோனது, இது நிற்கவில்லை. இரவில் நடை சாத்திய பிறகு இந்திரனே வந்து தாணுமாலயனுக்கு அர்த்தஜாம பூஜை செய்கிறான் என்பது ஐதீகம். அதனால், இரவு பூஜை முடித்து நடை அடைக்கும் அர்ச்சகர் மறுநாள் காலையில் நடை திறக்கமாட்டார். வைத்த பொருட்கள் வைத்த இடத்தில் இருக்கின்றனவா, மாறியிருக்கின்றனவா என்று ஒருவரே ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. உள்ளே கண்டதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொடுத்த பிறகே இங்கே அர்ச்சகர்கள் பூஜைப் பணியை ஏற்பார்களாம்.

உண்மையைச் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாதா என்று கேட்பீர்கள். மரியாவுக்குக் காண்ட் எழுதிய பதிலில் அதற்கு விடை இருக்கிறது. சொல்வதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். ஆனால் உண்மையெல்லாம் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டு ரகசியம் தெரிந்தும் குழாயடியில் வாய் திறக்காத பெண்மணிகள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

சத்தியத்தைக் காப்பதிலும் காண்ட் ஒரு சின்னச் சாமர்த்தியம் செய்தார். 1794-ல் ராஜா கண்டித்தபோது, ‘மாட்சிமை தங்கிய தங்களின் விசுவாசமுள்ள பிரஜையாக, இனி மதத்தைப் பற்றி எழுதமாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்தார். 1797-ல் ராஜா இறந்தார். 1798-ல் காண்ட் மறுபடி எழுதிவிட்டார். கேட்டதற்கு, ‘தங்களின் பிரஜையாக என்றுதானே சொன்னேன், அந்த ராஜா போய்விட்டாரே’ என்றார்! பொய் இல்லைதான். ஆனாலும் நம்மூர் வக்கீல் வாதம் போல இல்லை?

சுசீந்திரம் அர்ச்சகரின் சத்தியத்தில் அப்படி ஒரு சந்து கிடையாது. ராஜா மாறினார், சமஸ்தானம் போயிற்று, மாநிலம் மாறியது. சத்தியத்தை மீறினாரா என்று சோதிக்க நெய்யும் இல்லை, விசாரணையும் இல்லை. உள்ளே என்ன கண்டார் என்பது அவருக்கும் தாணுமாலயனுக்கும் மட்டுமே தெரியும். அர்த்தஜாமம் முடிந்து அவர் நடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். விடிகாலையில் இன்னொருவர் வந்து திறக்கிறார்.